அப்பாவுக்குத் தவில், பிள்ளைக்குக் கிடார்!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கொஞ்சம் தலையைச் சாய்க்கலாம் என்று பாயை உதறினேன். "அக்கா... அக்கோவ்..." என்று வாசலில் குரல்.

எட்டிப் பார்த்தால், எதிர்ச்சாரியில் மூன்றாவது வீட்டுத் தவில்காரர் சம்சாரம். கண் இரண்டும் சிவந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் பின்னாலேயே பதினோரு வயசுப் பெண் குழந்தை.

எங்கள் கோலியனூரில் நான் பத்திரிகைக்கு எழுதுகிறவள் என்று தெருவுக்கே தெரியும். எழுதுகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை! ரேஷன் கார்டில் பெயர் மாற்றுவதிலிருந்து மாமியார் முழங்கால் வலி வரைக்கும் என்னிடம்தான் வரும். அன்றைக்கு வந்ததோ புது மாதிரியான வழக்கு.

"கிடார் வாங்கிக்கினு வந்துட்டான்கா!" என்றாள்.

"யாரு, உன் பிள்ளையா?"

"ஆமாங்க்கா. காலேஜு லீவுல பாண்டிச்சேரில ஒரு கடையில வேலை செஞ்சானே, அந்தக் காசு. எனக்கு ஒரு புடவை, தங்கச்சிக்கு ஒரு பை, மீதிக்கெல்லாம் கிடார். அவங்கப்பா பாத்துட்டு அதைத் தூக்கிக் கொல்லப்பக்கம் வெச்சுட்டாரு. 'மூணு தலமுறையா தவில் அடிச்ச கை, கம்பியச் சொறியப் போவுதா'ன்னு கையை ஓங்கிட்டாருக்கா. ரெண்டு நாளா அவனும் சாப்பிடல, இவரும் சாப்பிடல. உலை வெச்சு உலை வெச்சுக் கொட்டறேன்."

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பானைத் தண்ணீரை மொண்டு கொடுத்தேன். அந்தப் பெண் குழந்தை தூணோரமாக உட்கார்ந்து, காலி முறுக்கு டின்னை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தது. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

சகோதரிகளே, இது தவில் வீட்டுச் சங்கதி மட்டும்தானா? தறி, தச்சுப்பட்டறை, கடை, சமையல் என்று அப்பன் தொழில் எதுவாயிருந்தாலும், பிள்ளை வேறொன்றைத் தூக்கிக்கொண்டு வரும் நாள் வருகிறது. அன்றைக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நசுங்குகிறவள் தாயார்தான். எனக்கு அவளிடம் என்ன சொல்வது என்று சட்டென்று தோன்றவில்லை. தோன்றியதெல்லாம், நான் கேட்டிருந்த சில இசைத்தட்டுகளின் கதை. அதையே சொல்ல ஆரம்பித்தேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் பக்கி பிஸரெல்லி என்று ஒரு கிடார்க்காரர். 1926-ல் நியூ ஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர். மாமன்மார்களிடம் கற்றுக்கொண்டு, டெலிவிஷன் இசைக்குழுவிலும் ரிக்கார்டிங் கம்பெனிகளிலும் நாளெல்லாம் வாசித்துக் குடும்பம் நடத்தியவர். சாதாரணக் கிடாருக்கு ஆறு தந்திதானே? இவர் ஏழு தந்தி போட்ட கிடார் வைத்துக்கொண்டார். கூடுதலாகக் கீழே ஒரு மந்தரத் தந்தி. அதில் ஆதாரத்தைப் பிடித்துக்கொண்டே மேலே பாட்டையும் வாசித்துவிடலாம். ஒரே ஆள் இரண்டு ஆள் மாதிரி.

அவருடைய பிள்ளை ஜான், 1960-ல் பிறந்தவர். ஆறு வயசில் பாஞ்சோ என்ற வாத்தியத்தில் ஆரம்பித்து, பிற்பாடு அப்பாவின் ஏழு தந்திக்கே வந்து சேர்ந்தார். 1980-ல் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வெளியிட்ட தட்டுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'டூ டைம்ஸ் செவன் ஈக்வல்ஸ் பிஸரெல்லி'. இரண்டு பேர், ஆளுக்கு ஏழு தந்தி. ஈரேழு பதினாலு என்று நாம் வாய்ப்பாடு ஒப்பிப்போமே, அந்த மாதிரி ஈரேழு பிஸரெல்லி! பையனுக்கு அப்போது இருபது வயசு.

"ஜாஸ்னா இன்னாக்கா?" என்று குறுக்கே கேட்டாள் அவள். நியாயமான கேள்வி.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பு மக்களிடையே, நூறு நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் வளர்ந்த இசை அது. பாட்டு என்று ஒரு கூடு இருக்கும். அந்தக் கூட்டுக்குள்ளே, வாசிக்கிறவர் அந்தந்த நிமிஷத்தில் மனசில் ஊறுவதை வாசிக்க வேண்டும். ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். நம் கச்சேரியில் கல்பனாஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் இருக்கிறதல்லவா, அந்தக் குணம்தான். காரக்குழம்பு என்றால் எல்லா வீட்டிலும் புளியும் மிளகாயும்தான்; ஆனால் உன் கை வேறு, என் கை வேறு, அன்றைக்கு வாய்த்த கத்தரிக்காயைப் பொறுத்து ருசியும் வேறு. எழுதி வைத்ததைப் பார்த்து வாசிப்பதில்லை அது. அதனால்தான் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து ஜாஸ் வாசிப்பது லேசில்லை. அப்பா சொன்னதைப் பிள்ளை திருப்பிச் சொன்னால் மட்டும் போதாதே, தன் சொந்தப் பேச்சையும் பேச வேண்டுமே. அப்பா அதற்கு இடம் விட வேண்டும்.

பக்கி பிஸரெல்லி விட்டார். கடைசி வரைக்கும் பிள்ளையோடு வாசித்தார். 2020 ஏப்ரலில், தொண்ணூற்று நாலு வயசில், கொரோனாவில் காலமானார். ஒரு வாரத்தில் அவர் மனைவியும் போய்விட்டார்.

"அமெரிக்காக்காரனுக்கு அப்பனும் கிடாரு, புள்ளயும் கிடாரு. நம்ம வூட்ல அப்பிடியா?" என்றாள் தவில்காரர் சம்சாரம். அவளுக்கு மூளை இல்லை என்று அவள் புருஷன் அடிக்கடி சொல்வார். கேட்ட கேள்வியைப் பாருங்கள்!

சரி, அமெரிக்கா வேண்டாம், நம் திருவல்லிக்கேணிக்கு வருவோம் என்றேன்.

கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் தகப்பனார் டி.ஆர். ஹரிஹர சர்மா லய வித்தை கற்றுக்கொடுத்தவர். 1958-ல் திருவல்லிக்கேணியில் ஸ்ரீ ஜெயகணேஷ் தாள வாத்ய வித்யாலயம் என்ற பள்ளியை ஆரம்பித்தார். அதற்கு முந்தைய வருஷம், 1957-ல், தூத்துக்குடியில் ராமநவமி உற்சவம். வி.வி. சடகோபன் பாட்டு. சின்னப் பையனான விநாயக்ராமுக்கு அரங்கேற்றம் மாதிரி. கச்சேரி ஆரம்பிக்கப் போகிற நேரத்தில், விழா நடத்தியவர் வீட்டுக் குழந்தை ஒன்று அந்தக் கடத்தை உடைத்துவிட்டது! நம் வீட்டில் நடந்தால் அபசகுனம் என்று புலம்பித் தீர்ப்போமா மாட்டோமா? அங்கே அதையே நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் அந்தப் பிள்ளை போன தூரம் ஊருக்கே தெரியும்.

1975-ல் அவர் அமெரிக்காவில் ஒரு குழுவில் சேர்ந்து வாசித்தார். குழுவுக்குப் பெயர் சக்தி. அதன் தலைவர் ஜான் மெக்லாக்ளின், இங்கிலாந்தில் பிறந்த ஜாஸ் கிடார்க்காரர். நம் சங்கீதத்தின் மேல் ஆசைப்பட்டு எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். வீணையில் தந்தியை இழுத்தால் கமகம் பிறக்கிற மாதிரி கிடாரிலும் பிறக்க வேண்டும் என்று, மெட்டுகளுக்கு நடுவே மரத்தைக் குழித்து, குறுக்கே கூடுதல் தந்திகள் கட்டித் தனியாக ஒரு கிடாரே செய்து வாங்கிக்கொண்டார். அவரோடு எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, நம் விநாயக்ராம் கடம். ஜாஸ் ரசிகர்கள் கூடுகிற இடத்தில், மேளச் செட் இல்லை, மின்சார இரைச்சல் இல்லை. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வாசித்தார்கள். அந்தக் கச்சேரியே 1976-ல் தட்டாக வந்தது. இன்னும் இரண்டு தட்டு போட்டுவிட்டு 1978-ல் குழு கலைந்தது.

இருபது வருஷம் கழித்து மறுபடி கூடினார்கள். 1997-ல் கூடியபோதும் விநாயக்ராம் வாசித்தார். ஆனால் 2000-ல் வந்த தட்டில், அப்பா இருந்த இடத்தில் பிள்ளை செல்வகணேஷ் உட்கார்ந்திருக்கிறார். கையில் முதன்மையாக என்ன வாத்தியம்? கடம் இல்லை, கஞ்சிரா! அப்பா மடியில் வைத்துத் தட்டிய மண்பானை எங்கே, பிள்ளை ஒரு கையில் பிடித்துத் தட்டும் உடும்புத்தோல் வாத்தியம் எங்கே. தாத்தாவிடம் படித்த லயம் ஒன்று, வாத்தியம் வேறு.

இதைச் சொன்னபோதுதான் அவள் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள்.

அதே 2000-ம் வருஷத் தட்டில் இன்னொருவர் இருந்தார், மாண்டலின் ஸ்ரீனிவாஸ். அவர் அப்பா கிளாரினெட் வாசித்தவர். பிள்ளை ஆறு வயசில் வீட்டிலிருந்த மாண்டலினை எடுத்துத் தட்ட ஆரம்பித்தான். அப்பா பிடுங்கி வைக்கவில்லை. தன் குருவான சுப்பராஜுவிடமே கொண்டுபோய் விட்டார். அந்த குருவுக்கு மாண்டலின் வாசிக்கவே தெரியாது! அவர் வாயால் பாடுவார், பையன் அதை மாண்டலினில் எடுப்பான். அப்படிக் கற்ற பிள்ளைதான் உலகமெல்லாம் சுற்றி வந்தது. 2014-ல் நாற்பத்தைந்தே வயசில் போய்விட்டார், பாவம்.

வாத்தியம் தெரியாத வாத்தியார்! ஒரு தவில்காரர் கிடாருக்குக் குருவாக இருக்க முடியுமா முடியாதா என்பதற்கு இதைவிடப் பதில் வேண்டுமா?

விநாயக்ராம் கலந்துகொண்ட 'பிளானட் டிரம்' என்ற தட்டுக்கு 1992-ல் கிராமி விருது கிடைத்தது. சக்தி குழுவின் 'திஸ் மொமென்ட்' தட்டுக்காக 2024 பிப்ரவரியில் செல்வகணேஷ் உள்ளிட்டவர்கள் அதே விருதை வாங்கினார்கள். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே முப்பத்திரண்டு வருஷம். அந்தத் தட்டில் தபலா வாசித்த ஜாகிர் உசேன் அந்த டிசம்பரிலேயே காலமானார். அவருக்கும் அப்பாதான் குரு, அல்லா ரக்கா. குழந்தை பிறந்ததும் காதில் பிரார்த்தனை ஓத வேண்டியவர், தபலா சொற்கட்டை ஓதினாராம். அதுதான் என் பிரார்த்தனை என்றாராம். ஜாகிர் உசேனே சொல்லியிருக்கிறார். பிள்ளை பெற்று மடியில் வைத்திருக்கும் இளம் தாய்மார்களே, நீங்கள் தாலாட்டிக்கொண்டே முதுகில் தட்டுகிறீர்களே, அதுவும் தாளம்தான். குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இவ்வளவும் சொல்லி முடித்தேன். அப்போது அந்தப் பெண் குழந்தை டின்னிலிருந்து கையை எடுக்காமலே கேட்டது:

"எல்லாம் அப்பாவும் புள்ளையுமாவே இருக்குதே அத்தை. பொண்ணு இல்லியா?"

சுருக்கென்றது எனக்கு. இத்தனை நேரம் வாய் கிழியப் பேசினேனே, ஒரு பெண் பெயர் சொன்னேனா?

இருக்கிறார்கள், நான்தான் விட்டுவிட்டேன். அந்த பிஸரெல்லிக்கே மேரி என்று ஒரு பெண் உண்டு. அவளும் கிடார்க்காரி, அப்பாவோடு வாசித்துப் பதிவு செய்தவள். ஊர் என்னவோ பிள்ளையைத்தான் பேசுகிறது. திருவல்லிக்கேணிப் பள்ளிக்கு மாயவரத்தில் பிறந்த சுகன்யா என்ற பெண் வயலின் கற்க வந்தாள். பக்கத்தில் கேட்ட லய வாத்தியம் அவளை இழுத்துவிட்டது. மிருதங்கம் படித்தாள். பிறகு கடம் வேண்டும் என்றாள். பெண் விரலுக்கு அது கஷ்டம் என்று விநாயக்ராம் தயங்கினார். 'நான் சொல்லித்தருகிறேன்' என்று முன்வந்தவர் யார்? பெரியவர் ஹரிஹர சர்மா! மகன் அமெரிக்காவில் இருந்த சமயத்தில் அந்தப் பெண்ணைத் தயார் பண்ணிவிட்டார். அந்தச் சுகன்யா ராம்கோபால்தான் பின்னாளில் பேர் பெற்ற கடம் வித்வாம்சினி. 1995-ல் பெண்களை மட்டும் சேர்த்து ஸ்த்ரீ தால் தரங் என்ற குழுவையும் நடத்தினார்.

அந்தக் கடத்தைச் செய்கிறது யார் தெரியுமோ? சிவகங்கைப் பக்கத்து மானாமதுரையில் மீனாட்சி அம்மாள் என்று ஒருவர். வனைந்த பானை பச்சையாக இருக்கும்போதே தட்டித் தட்டிக் கனத்தைச் சமன் செய்து, சுட்டெடுத்தால் நாதம் பேச வேண்டும். எங்கே தடிமன், எங்கே மெல்லிசு என்பதைக் கையும் காதும்தான் சொல்லும். அதற்காகவே 2014-ல் சங்கீத நாடக அகாதமி விருது அவருக்குக் கிடைத்தது. பானை அடிக்கிறவள் என்று நாலு பேர் அலட்சியமாகச் சொல்லிவிட்டுப் போகும் வேலை!

"சரி, இன்னிக்கு சாயந்திரம் நான் வர்றேன் உங்க வூட்டுக்கு" என்று தவில்காரர் சம்சாரத்தை அனுப்பி வைத்தேன்.

போனேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்தார். 'வாங்கக்கா' என்றார், முகம் கொடுக்கவில்லை. நானும் கிடார் பேச்சை எடுக்கவே இல்லை. "ஒரு கடம் கேக்கறீங்களா?" என்று மட்டும் கேட்டு, என் மகன் செல்போனில் ஏற்றிக் கொடுத்திருந்த சக்தி தட்டை வைத்தேன்.

முதலில் கிடார் வந்தது. புருவத்தை நெரித்தார். கடம் வந்ததும் வாரை விட்டுவிட்டுக் காதைக் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் கை தானாகத் தொடையில் தாளம் போட ஆரம்பித்தது. "எங்கேருந்து எடுக்கறாரு பாருங்கக்கா! எடுத்த இடத்துலயே கொண்டாந்து வெக்கறாரு!" என்றார். வெள்ளைக்காரர் கிடாரும் கடமும் ஒன்றாகப் போய்க் கோர்வையில் முடித்தபோது, "அடப்பாவி, இவனும் கணக்கு படிச்சிருக்கான்யா!" என்று ஒரு கூச்சல்.

கதவு இடுக்கில் பிள்ளை நிற்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏன்டா," என்றார் தெருவைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கம்பியில ததிகிணதொம் வருமாடா?"

உள்ளேயிருந்து சத்தமில்லை. அப்புறம் மெதுவாக, "சொல்லுங்கப்பா, எடுத்துப் பாக்கறேன்" என்று வந்தது.

கொல்லையிலிருந்து கிடார் வந்தது. அப்பா வாயால் சொன்னார், பிள்ளை எடுத்தான். தப்புத்தப்பாகத்தான் எடுத்தான், கற்று ஒரு வாரம்தானே ஆகிறது! மூன்று ததிகிணதொம் வைத்து முடிக்க வேண்டிய இடத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டான். மூன்றாவது தரம் அவன் தடுமாறும்போது, சமையற்கட்டு வாசற்படியில் டங்கென்று முறுக்கு டின் பேசிற்று. மூன்று ததிகிணதொம், சுத்தமாக, கடைசித் தொம் சரியாகச் சமத்தில்.

தவில்காரர் இப்போதுதான் திரும்பினார். பிள்ளையை அல்ல, பெண்ணைப் பார்த்தார். பேச்சே இல்லை. அவர் சம்சாரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை என்னால் எழுத முடியாது.

இங்கே தாய்மார்களுக்குக் கொஞ்சம் வேலைப் பேச்சு. பிள்ளைக்குக் கிடார் ஆசை வந்தால் எடுத்தவுடன் பெரிய கிடார் வாங்காதீர்கள். ஏழெட்டு வயசுக் குழந்தைக்கு என்று சின்ன அளவில் கிடார் கிடைக்கிறது. அதில் நைலான் தந்தி போட்டது விரலுக்கு இதமாக இருக்கும். இரும்புத் தந்தி பிஞ்சு விரலை அறுக்கும். முதல் சில வாரம் இடது கை விரல்நுனி வலிக்கத்தான் செய்யும், பிறகு தோல் காய்த்துவிடும். கொப்புளம் கண்டால் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், உடைக்காதீர்கள். தந்தி அழுத்தும் கையில் நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். தொடர்ந்து ஒரு மணி நேரம் பிழிவதைவிட, காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்று வைத்தால் குழந்தை சலிக்காது. மணிக்கட்டோ தோளோ வலிக்கிறது என்றால் உட்காரும் விதத்தைக் கவனியுங்கள். காதில் ஒயர் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் பிள்ளைகளின் சத்தத்தைக் குறைத்து வையுங்கள். பக்கத்தில் நிற்கும் உங்களுக்கே கேட்டால் அது அதிகம். தவில், பறை மாதிரி பெரிய சத்தத்துக்கு நடுவே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்காராதீர்கள், கல்யாண வீடாக இருந்தாலும் சரி.

கிடார் விஷயம் அந்த வீட்டில் அடியோடு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். முகூர்த்த நாளில் பிள்ளை தவிலுக்குத் துணை போக வேண்டும், மற்ற நாளில் கிடாரைத் தொடலாம் என்று ஒரு ஒப்பந்தம். அதிலும் வாரத்துக்கொரு சண்டை. போன வெள்ளிக்கிழமை கூட 'பேஸ் தந்தியா கீஸ் தந்தியா' என்று சத்தம் கேட்டது.

ஆனால் ஒன்று. நேற்று சாயந்திரம் கறிவேப்பிலை கேட்டு அங்கே போனேன். திண்ணையில் தவில்காரர், எதிரே அந்தப் பெண் குழந்தை. அவள் பிஞ்சு விரல்களில் தவில் கூடு மாட்டிப் பார்க்கிறார். எல்லாம் தொளதொளவென்று கழன்று விழுகிறது.

"இதுக்குன்னு சின்னதா சுத்தணும்" என்று முணுமுணுத்துவிட்டு, உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "தே, பழைய வேட்டித் துணி ஒண்ணு கிழிச்சுக் குடு. மைதாவும் கொஞ்சம் காய்ச்சு."

கறிவேப்பிலையைக் கொடுக்க மறந்து, அவள் மைதா டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தாள். நானும் கேட்காமல் வந்துவிட்டேன்.